கெபிக்குப் போன பூக்கள்



பங்கு குரு எழுதினால் அது மறையுரையாகத்தான் இருக்கும் என்று எண்ணி உங்களில் சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். இம்முறை நான் எழுதப்போவது ஒரு பூந்தோட்டத்தைப் பற்றி. அதுவும் ஊரார் வந்து பார்த்து வியக்கும் தோட்டமன்று. பங்குமனைக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் இடையே கோணல்மாணலாகக் கிடக்கும் இரண்டு சென்ட் நிலம். அதில் பூ வளர்க்கப் போய் நான் தலைகுனிய நேர்ந்தது. அந்தத் தலைகுனிவை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் இந்தப் பங்குக்கு வந்தது 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மல்லிகையும் சம்பங்கியும் வயல் வயலாகப் பயிராகும் பகுதி இது. விடியுமுன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மல்லிகை பறிக்கப் போவார்கள். மல்லிகையை மொட்டாகவே பறித்தாக வேண்டும். செடியிலேயே மலர்ந்துவிட்டால் சந்தையில் அதற்கு விலையில்லை. இப்படிப் பூவை நம்பி வாழும் ஊரில், ஆலயப் பீடத்துக்குரிய பூ மட்டும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஓசூரிலும் மலைப்பகுதிகளிலும் பசுமைக்குடில்களில் வளர்ந்த ஜெர்பராவும் கார்னேஷனும் திண்டுக்கல் பூக்கடை ஒன்றின் வழியாகப் பெட்டிகளில் வந்து இறங்கும். ஒவ்வொரு ஜெர்பராவின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் குல்லாய். பார்க்க அழகாகவே இருக்கும். நானும் அதை விரும்பினேன்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் ஊர்த் திருவிழா. தேர்ப்பவனிக்கு முந்திய நாள் மாலை இளைஞர்கள் பீடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கவாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். எழுபது வயதைக் கடந்தவர். கையில் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் பாதியளவு தண்ணீர். தண்ணீரில் சில பூந்தண்டுகள். ஞாயிறுதோறும் அவர் இப்படி ஒரு வாளி கொண்டுவருவதும், யாராவது வாங்கி ஏதாவது ஒரு மூலையில் வைப்பதும் வழக்கம். அன்று வாங்கி வைக்க ஆளில்லை. என்னிடமே நீட்டினார்.

"பீடத்துக்கு வேற பூ வந்திருக்கு பாட்டி. இதக் கெபிப் பக்கம் வச்சிருங்க" என்றேன்.

குரலில் கடுமை ஏதும் இல்லை. சொல்லும்போதே என் கண்கள் கையிலிருந்த பவனி ஒழுங்குத் தாளில் இருந்தன. வாளியில் இருந்தது என்ன பூ என்று எவரேனும் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன; அது மட்டும் கண்ணில் பட்டது. "சரிங்க சாமி" என்று சொல்லி அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானும் அதை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வாளி வரவில்லை. வரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு மே மாதம் பங்குப்பேரவையில் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, பீட அலங்காரத்துக்கு மட்டும் 38,400 ரூபாய் செலவாகியிருந்தது. அதைப் படித்ததும் என்னுள் உறங்கிக்கிடந்த சிக்கனக்காரன் விழித்துக்கொண்டான். "இனிமேல் பூவை நாமே வளர்ப்போம்" என்று அறிவித்துவிட்டேன். குருமடத்தில் மாலைதோறும் உடலுழைப்பு நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவன் என்ற துணிச்சல். அங்கே மண்ணைப் பண்படுத்தியவர் வேறொருவர், விதைத்தவர் வேறொருவர் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

தோண்டத் தொடங்கியபின்தான் நிலத்தின் குணம் தெரிந்தது. பழைய பங்குமனையை இடித்தபோது அதன் சுண்ணாம்புக் காரையையும் செங்கல் துண்டுகளையும் அங்கேயே போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு குழியில் முந்தைய திருவிழாவின் பூக்கழிவு கிடந்தது. பூக்கள் மண்ணாகிவிட்டன, அவற்றைக் குத்தி வைத்திருந்த பச்சை நுரைக்கட்டிகள் மட்டும் அப்படியே இருந்தன. அவை ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. நொறுங்குமே தவிர மக்குவதில்லை. கூடையில் அள்ளி அப்புறப்படுத்தினேன்.

முதலில் ஆறு ரோஜாச் செடிகள் வாங்கி நட்டேன். ஒரு மாதத்தில் புதுத் தளிரெல்லாம் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. எங்கள் பங்கைச் சேர்ந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் பார்த்துவிட்டு, "மண்ணுல சுண்ணாம்பு அதிகம் ஃபாதர். இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது" என்றார். அறுபது சம்பங்கிக் கிழங்குகளை வேப்பமரத்தின் பக்கமாக நட்டேன். பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் அங்கே நிழல் விழுந்துவிடும். சம்பங்கிக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். புல்லைப்போல் இலைதான் தழைத்ததே தவிர, ஒரு பூந்தண்டும் எழவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரோ உப்பு. தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். எஞ்சிய நாற்றுகளின் கொழுந்தை விடியற்காலையில் மயில்கள் வந்து கொத்திக்கொண்டு போயின. வயல்வெளி லீலி மலர்கள் உழைப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். உழைப்பு முழுவதும் தோட்டக்காரனுக்கு என்பதை அந்த இரண்டு மாதங்களில் கண்டுகொண்டேன்.

துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே மட்டும் நாள் முழுவதும் வெயில் விழும் ஒரு கீற்று நிலம் இருந்தது. அதில் ஜூன் மாதம் தூவிய ஜீனியா விதைகள் முளைத்து வளர்ந்தன. ஆகஸ்டு நடுவில் பூத்தன. ஏழே ஏழு பூக்கள். ஒன்றின் தண்டு கோணல். இன்னொன்றின் இதழ்களை ஏதோ வண்டு ஒரு பக்கமாகத் தின்றிருந்தது. எனக்கோ அவை ஏழும் ஏழு பிள்ளைகள்போல. 2023 ஆகஸ்டு 15, விண்ணேற்புப் பெருவிழா. முந்திய நாள் மாலையே அவற்றைக் கொய்து, பித்தளைச் செம்பில் நீரூற்றி, பீடத்தின் முன்படியில் கொண்டுபோய் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. விழாவன்று எல்லாரும் பார்த்துவிட்டு, "இது யார் வளர்த்த பூ?" என்று கேட்பார்கள் என்று உள்ளூர ஓர் ஆசை.

காலையில் திருப்பலி உடை அணிந்து பீடத்துக்கு வந்தபோது செம்பு அங்கே இல்லை. திருப்பலி முடிந்தபின் தேடினேன். கெபியில், மெழுகுதிரிப் புகை படிந்த ஓரத்தில் இருந்தது. அலங்காரக் குழுவிலிருந்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாரோ பாட்டி கொண்டாந்து வச்சிருக்காங்க போல ஃபாதர். நீங்க சொன்ன மாதிரி கெபிக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

நான் என்றோ போகிறபோக்கில் சொன்ன சொல், ஓர் ஆண்டுக்குள் ஆலயத்தின் சட்டமாகிவிட்டிருந்தது. அந்தத் தம்பி மீது ஒரு குற்றமும் இல்லை. "நல்லது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் பகல் முழுவதும் மனம் அந்தச் செம்பையே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஏழு பூக்களுக்குப் பின்னால் எத்தனை குடம் தண்ணீர், எத்தனை விடியற்காலைகள் என்பது எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் அந்தப் பெயின்ட் வாளி நினைவுக்கு வந்தது. அந்த வாளிக்குப் பின்னால் எத்தனை குடம் இருந்திருக்கும்?

அந்த வாரமே அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஊரின் கடைசித் தெருவில் ஒரு தொகுப்பு வீடு. "தோத்திரம் சாமி, வாங்க" என்று எழுந்து, அடுத்த வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிவந்து போட்டார். நான் உட்காராமல் கொல்லைப்புறம் போனேன். துவைகல்லுக்கும் கோழிக்கூண்டுக்கும் இடையே பத்தடி நிலம். கோழி கிளறாதபடி சுற்றிலும் முள் அடைத்திருந்தார். உள்ளே கோழிக்கொண்டை கருஞ்சிவப்பில் பட்டுத் துணியை மடித்து வைத்ததுபோல் நின்றது. பக்கத்தில் வாடாமல்லி, ஓரத்தில் நாலைந்து செண்டுமல்லி. அலசுகிற தண்ணீர்தான் பாய்ச்சல்.

"மல்லிகை ஒரு செடிகூட வைக்கலையா பாட்டி? இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கே" என்றேன்.

"நாப்பது வருசமா கூலிக்கு மல்லிதான் பறிச்சேன் சாமி. எல்லாம் மொட்டு. மொட்டாவே பறிச்சு, மொட்டாவே எடை போட்டுக் குடுத்துட்டு வருவோம். செடியில பூத்து நிக்கிற பூவப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் இதெல்லாம் வச்சேன்."

இதைக் கேட்டபின் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்; எனக்கும் தெரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து ஆயிரம் பேரின் மனத்தாங்கலைக் கேட்பவனுக்குத் தன் தவற்றைச் சொல்ல அவ்வளவு கடினமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன், விதை கேட்டுவிட்டுத் திரும்பினேன். காய்ந்த கோழிக்கொண்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மினுமினுவென்று கறுப்பு விதைகள் உதிர்ந்தன. வாடாமல்லி விதை பஞ்சுபோல் இருந்தது. இரண்டையும் பழைய சேலைக் கிழிசலில் தனித்தனியே முடிந்து கொடுத்தார்.

சில நாள் கழித்து அவரே என் தோட்டத்தைப் பார்க்க வந்தார். சுற்றி நடந்தார். மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். வேப்பமரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "மரத்த வெட்டிட்டா பூ வளப்பாங்க?" என்று சிரித்தார். நிழலில் கனகாம்பரத்தையும் குரோட்டன்ஸையும் பெரணியையும் வைக்கச் சொன்னார். "சாடியில பூவுக்குப் பக்கத்துல எலையும் நிக்கணும்ல சாமி." காரை மண்ணைத் தோண்டி மாளாது; அதன்மேலேயே கண்மாய் வண்டலும் தொழுவுரமும் கலந்து மேட்டுப்பாத்தி போடச் சொன்னார். மயிலுக்கு முள்ளும் பழைய மீன்வலையும். எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் திருப்பலிக்கு வெறுங்கையோடுதான் வந்தார். அதை இப்போது ஒவ்வொரு வாரமும் கவனித்தேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பூ வேண்டும் என்று கணக்கிட்டு, செப்டம்பரில் செண்டுமல்லி நாற்றுவிட்டேன். அக்டோபரில் எடுத்து நட்டதும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேங்கி, தண்டின் அடி அழுகி, இருநூறு நாற்றுகளும் சாய்ந்தன. நவம்பர் நடுவில் மறுபடி விதைத்து, டிசம்பர் நடுவில் நட்டேன். அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கடையில் வாங்கிய ஜெர்பராதான். ஜனவரியில் பாட்டி வந்து, ஒவ்வொரு செடியின் நுனியையும் கிள்ளச் சொன்னார். "கிள்ளாத செடி ஒத்தையா ஓடும். கிள்ளினா நாலா வெடிக்கும்." இவ்வளவு பாடுபட்டு வளர்த்த செடியின் தலையைக் கிள்ள எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அவர் சொன்னபடியே பக்கக் கிளைகள் வெடித்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தோட்டமே மஞ்சளும் ஆரஞ்சுமாக மூடிக்கொண்டது.

எப்போது தெரியுமா? அந்த 2024-ஆம் ஆண்டில் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ஆம் நாள் வந்தது. ஊர் முழுவதும் காதலர் தினம் என்று ரோஜா விலை ஏறிக்கிடந்த அதே நாளில், நம் பீடங்கள் பூவின்றி நின்றன. தவக்காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்கலாகாது என்பது திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305-ஆம் எண். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும் விழாக்களும் மட்டும் விதிவிலக்கு. விதி எனக்குத் தெரியும், செடிக்குத் தெரியாதே! ஒரு பூவையும் தொடாமல் அப்படியே வைத்திருந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் கொய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

பாட்டி வந்து பார்த்தார். "ஏன் சாமி பறிக்காம விட்டுட்டீங்க?"

"தவக்காலம் பாட்டி. ஈஸ்டருக்கு வேணும்ல."

"செடி உங்க காலண்டரப் பாக்குமா? பறிக்காம விட்டா விதை புடிச்சிரும் சாமி. விதை புடிச்சா செடி கெழவியாயிரும். அப்புறம் ஈஸ்டருக்கு உங்களுக்குக் குச்சிதான் மிஞ்சும்."

உண்மை. ஓராண்டுப் பயிரான இத்தகைய செடிகளின் நோக்கமெல்லாம் விதைதான். விதை முற்றிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடுகிறது. பூவைக் கொய்துவிட்டால், விதைக்காக மீண்டும் மொட்டு விடுகிறது. கொய்யக் கொய்யப் பூக்கும். சேர்த்து வைத்தால் நின்றுவிடும்.

"பறிச்சா எங்க வைக்கிறது?" என்றேன்.

"பூ வேணாங்கிறது பீடத்துக்குத்தான? வீடுகளுக்கும் வேணாம்னா சொல்லிருக்கு?"

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நான் நற்கருணை கொண்டுபோகும் நோயாளிகளின் பட்டியல் என் மேசையின் மீதே இருந்தது. இருபத்து மூன்று பெயர்கள். அந்தத் தவக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும், வெயில் தாழ்ந்தபின், நானும் பாட்டியும் இரண்டு இளைஞர்களும் பூக் கொய்தோம். கொய்யும் முறையை அவர்தான் கற்றுக்கொடுத்தார். உச்சி வெயிலில் கொய்யக்கூடாது. அப்போது தண்டில் நீர் இராது. செண்டுமல்லியும் ஜீனியாவும் கோழிக்கொண்டையும் நன்றாக மலர்ந்தபின்தான் கொய்ய வேண்டும். கொய்தபின் அவை மலர்வதில்லை. சம்பங்கி என்றால் அடியில் இரண்டு பூ விரிந்ததும் கொய்துவிடலாம். மேலே உள்ளவை சாடியில் ஒவ்வொன்றாக விரியும். ஜீனியாவின் தண்டைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்ட வேண்டும். தலை துவண்டால் இன்னும் பருவமில்லை, விறைப்பாக நின்றால் கொய்யலாம். தண்டைச் சாய்வாக வெட்டி, உடனே நீரில் வைத்து, நீருக்குள் மூழ்கும் இலைகளையெல்லாம் கழித்துவிட வேண்டும். இலை அழுகினால் தண்ணீர் நாறும். செண்டுமல்லிக்கு இது மிக முக்கியம். இரவு முழுவதும் வாளி நீரில் நிறுத்தி, சனிக்கிழமை காலையில் ஊறுகாய்ப் பாட்டில்களில் பிரித்து வைத்து, வீடு வீடாகக் கொண்டுபோனோம்.

ஒரு வீட்டில் பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவர் ஒருவர். அவருடைய மருமகள் பாட்டிலை வாங்கித் திருக்குடும்பப் படத்தின் முன் வைக்கப் போனார். முதியவர் இடக்கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். எங்களுக்குப் புரிய நேரமாயிற்று. தம் கண்ணுக்கு நேரே சன்னலில் வைக்கச் சொல்லியிருக்கிறார். வைத்தோம். நான் செபம் சொல்லி, ஆசீர் அளித்து, விடைபெறும்வரை அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாண்டுக் குருத்துவப் பணியில் என்னை ஒருவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு அலட்சியம் செய்தது கிடையாது.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை. இளைஞர்கள் பாட்டில் கழுவப் போயிருந்தார்கள். பாட்டியும் நானும் துவைகல்லில் அமர்ந்து இலை கழித்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை ஆண்டாக நெஞ்சில் கிடந்ததை அப்போது சொன்னேன். "திருவிழா அன்னைக்கு உங்க பூவக் கெபிக்குக் கொண்டுபோகச் சொன்னேன் பாட்டி. தப்புப் பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

அவர் கையிலிருந்த தண்டைக் கீழே வைக்கவில்லை. "கெபியிலயும் மாதாதான சாமி இருக்காங்க? அங்க வைக்கச் சொன்னதுக்கு எனக்கு என்ன கோவம்?" என்றார். சற்று நேரம் இலையைக் கழித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க பூவப் பாக்காமலே சொன்னீங்க. அதான்."

எனக்குப் பதில் இல்லை. கழித்துப் போட்ட இலைகளைக் கூட்டி அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டு வந்து, மறுபடி அவர் பக்கத்தில் அமர்ந்தேன். அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. அதுவரை நான் அந்தத் தவற்றை இடத்தின் தவறாக எண்ணியிருந்தேன்: பீடத்தில் வைக்க வேண்டியதைக் கெபிக்கு அனுப்பிவிட்டேன் என்று. மொட்டையே பறித்து வாழ்நாளைக் கழித்த ஒரு பெண், மலர்ந்த ஒன்றை என் கண்முன் நீட்டியபோது, நான் இலையின் ஓட்டையைக் கண்டேன்; பூவைக் காணவில்லை. குருவாகிய எனக்கு எத்தனையோ பேர் எதையெதையோ அப்படி நீட்டியிருப்பார்கள். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்!

2024 மார்ச் 30, பாஸ்கா திருவிழிப்பு. பாட்டி சொன்னது பலித்தது. கொய்துகொண்டே இருந்ததால் செண்டுமல்லி மீண்டும் பூத்திருந்தது. வெயில் கடுமையாகிவிட்டதால் பூக்கள் சிறியவை, தண்டுகள் குட்டை. எல்லாவற்றுக்கும் அவை போதவில்லை. கடையிலிருந்தும் கொஞ்சம் வாங்கினோம். மாலையில் பக்கவாசலில் நிழலாடியது. பெயின்ட் வாளி.

இம்முறை இரண்டு கைகளாலும் வாங்கினேன். கீழே வைத்து, குனிந்து பார்த்தேன். பதினொரு கோழிக்கொண்டைகள். ஒரு கட்டு வாடாமல்லி. ஒரு தண்டு வளைந்திருந்தது. இலைகளில் ஓட்டைகள் வழக்கம்போல் இருந்தன. இப்போது என் தோட்டத்து இலைகளிலும் அப்படித்தான். பீடத்தின் முன்படியில் சாடியை வைத்து, அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பாட்டி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த வளைஞ்சத முன்னால வைக்காதீங்க சாமி, பக்கவாட்டுல வைங்க" என்றார். அவர் சொன்னதே சரி. அப்படி வைத்ததும் சாடி நிறைவாகிவிட்டது.

பாஸ்கா திரியின் ஒளி இருண்ட ஆலயத்தில் வந்து நுழைந்தபோது, அந்தக் கருஞ்சிவப்பு மட்டும் எரிவதுபோல் தெரிந்தது. உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்று எண்ணினார் என யோவான் எழுதுகிறார். எத்தனையோ முறை அதை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். கண்ணெதிரே நிற்பவரை யாரென்று பார்க்காமலே பேசிவிடுகிறோம் என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

கடைப் பூவை நான் பழிக்கவில்லை, வாசகர்களே. ஜெர்பராவின் தாயகம் தென்னாப்பிரிக்கா என்றால், நாம் நம் ஊர்ப் பூவாகக் கொண்டாடும் செண்டுமல்லியும் சம்பங்கியும் ஜீனியாவும் மெக்சிகோ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவைதாம். பசுமைக்குடிலில் பூ வளர்ப்பவரும் குடும்பம் நடத்துகிறார். எங்கள் ஆலயத்தில் பெருவிழாக்களுக்கு இன்றும் கடைப் பூ வாங்குகிறோம். ஆனால் நுரைக்கட்டி வாங்குவதில்லை. சாடியும் தண்ணீரும் போதும். வீட்டிலிருந்து எவர் எந்தப் பூவைக் கொண்டுவந்தாலும் அதற்குப் பீடத்தருகே இடம் உண்டு.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு துவைகல் ஓரம் இருக்கும். மண் சரியில்லை, நிழல் விழுகிறது, தண்ணீர் உப்பு என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். வெயில் விழும் ஒரு முழ நிலத்தில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் போடுங்கள். நிழல் விழும் இடத்தில் கனகாம்பரம் வையுங்கள். பூத்ததும் பறித்துவிடுங்கள், பறித்ததைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப, உங்கள் அன்பியத்தில் எழுந்து நடக்க முடியாத ஒருவர் கட்டாயம் இருப்பார்.

என் தோட்டம் இன்னும் குறையுள்ள தோட்டம்தான். வேப்பமரம் நிற்கிறது. ரோஜாக்களைக் கைவிட்டுவிட்டேன். சம்பங்கியை வெயில் கீற்றுக்கு மாற்றினேன். போன ஆண்டு ஒன்பது தண்டுகள் வந்தன. எனக்கு எந்த மே மாதத்திலும் மாற்றல் ஆணை வரலாம். அடுத்து வரப்போகும் குருவுக்காக மேசையறையில் ஓர் உறை எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது சேலைக் கிழிசலில் முடிந்த விதையும் ஒரு சிறு குறிப்பும்: "ஞாயிறு காலையில் பக்கவாசலுக்கு ஒரு வாளி வரும். தயவுசெய்து பூவைப் பார்த்து வாங்கவும்."